ஈசியாக்கித் தராததுக்கு ஒரு பெரிய நன்றி

ஆப்ராவுல, அதாவது பாட்டாவே பாடி நடிக்கற நாடகத்துல, கூட்டமா பாடற எங்க கோரஸுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் கை காட்டி நடத்தின கண்டக்டர் அல்பேஷ் சௌஹானுக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் ஏற்கனவே எழுதி அனுப்பியாச்சு. இது தமிழ்ல, ஏன்னா நான் நன்றி சொல்ல வேண்டியவங்கள்ல பாதிப் பேர் நம்மாளுங்க, மீதிப் பேர் யாருன்னு நம்மாளுங்களுக்குத் தெரியணும். "ஆப்ராவுல உனக்கு என்னடி வேலை, அதெல்லாம் பணக்காரங்க கோட்டு போட்டுட்டுப் போய் தூங்கற இடமாச்சே"ன்னு கேட்டவங்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லிடறேன்.

இங்கிலாந்துல இருக்கற பர்மிங்ஹாம் ஆப்ரா கம்பெனி, 1987ல கிரஹாம் விக்னு ஒரு டைரக்டர் ஆரம்பிச்சது. சொந்தமா தியேட்டர் கிடையாது, பழைய ஃபேக்டரி, குடோன், பார்க்ல கூடாரம்னு எங்க தோதுப்படுதோ அங்க போடுவாங்க, பாடறது இங்கிலீஷ்ல. மெயின் ரோல் பாடறவங்களும் ஆர்கெஸ்ட்ராவும் அதையே தொழிலா செய்யறவங்க, ஆனா கோரஸும் கூட்டமா நடிக்கறவங்களும் ஊர்க்காரங்க, டீச்சர், டிரைவர், ரிட்டயர் ஆனவங்க, என்னை மாதிரி கேர் ஹோம்ல நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க. மியூசிக் நோட்ஸ், அதாவது எழுதி வெச்ச இசைக்குறிப்பு படிக்கத் தெரியணும்னு கட்டாயம் இல்ல, அதனாலதான் நானெல்லாம் உள்ள போக முடிஞ்சது.

2019 மார்ச்ல எட்ஜ்பாஸ்டன் ரிசர்வாயர் பக்கத்துல இருந்த டவர் பால்ரூம்ல ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சோட 'லேடி மேக்பெத் ஆஃப் மட்சென்ஸ்க்' ஆப்ரா போட்டாங்க, கண்டக்டர் அல்பேஷ், ஆர்கெஸ்ட்ரா சிபிஎஸ்ஓ, அதாவது சிட்டி ஆஃப் பர்மிங்ஹாம் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. சாதாரண பீஸ் இல்லைங்க அது. 1934ல லெனின்கிராட்ல வந்து நல்லா ஓடிட்டு இருந்தது, 1936 ஜனவரியில சோவியத் தலைவர் ஸ்டாலின் வந்து பாத்துட்டு முடியறதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டார், ரெண்டே நாள்ல அவங்க கட்சியோட பிராவ்தா பேப்பர்ல கிழிகிழின்னு கிழிச்சாங்க, அதுக்கப்புறம் ஷோஸ்டகோவிச் பல வருஷம் பயந்துட்டே இருந்தார். அப்படிப்பட்ட மியூசிக்கை எங்ககிட்ட கொண்டு வந்து குடுக்கறாங்க, நான் என்ன நெனச்சேன்னா ஊர்க்காரங்கதானே, கொஞ்சம் வெட்டி சின்னதாக்கி மெதுவாக்கி குடுப்பாங்கன்னு. இல்லவே இல்ல. அதே வேகம், அதே நோட்டு, பல்லு உடையற ரிதம், கோரஸ் சொல்லிக்குடுத்தவங்க ஒரு வரியைப் பாடுவாங்க, நாங்க திருப்பிப் பாடுவோம், நல்லா இல்லைன்னா மறுபடியும், மறுபடியும், முகம் சுளிக்காம. அவங்களுக்குத்தான் முதல் நன்றி.

இப்ப அல்பேஷ். உட்கார சீட் கிடையாது, ஆடியன்ஸ் நின்னுட்டும் நடந்துட்டும் பாப்பாங்க, நாங்க அவங்களுக்கு நடுவுல சிதறி நிப்போம், ஆர்கெஸ்ட்ரா எங்கயோ தள்ளி இருக்கும். சத்தம் ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 340 மீட்டர்தான் போகும், அப்ப 34 மீட்டர் தள்ளி நிக்கறவ காதுக்கு டிரம் சத்தம் பத்துல ஒரு பங்கு செகண்ட் லேட்டா வரும், அதைக் கேட்டு நான் பாட ஆரம்பிச்சா என் குரல் திரும்ப அங்க போய்ச் சேர இன்னொரு அவ்வளவு லேட்டு. ஃபாஸ்ட்டான இடத்துல மொத்தமா கவுந்துடும். அதனால காதை நம்பாம அவர் கையை மட்டும் நம்பணும். எனக்கு இதுதான் ரொம்ப கஷ்டமா இருந்தது, ஏன்னா நம்ம ஊர் பஜனைல தாளத்தைக் காதுல வாங்கி நாமளே தொடைல தட்டிப் பாடிப் பழகினவ நான். அவர் கை பீட்டுக்கு முன்னாடியே மேல எழும்பும், அந்த எழும்பற விதத்துலயே எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், எங்க மூச்சு எடுக்கணும் எல்லாம் இருக்கும், எங்களுக்கு என்ட்ரி வர்ற இடத்துல அவரும் எங்க கூடவே வாயைத் திறந்து மூச்சு இழுப்பார். அந்த ஒரு மூச்சை மட்டும் பாத்தா போதும், நூறு பேரும் ஒரே நேரத்துல உள்ள வந்துடலாம்.

அவர் இதே பர்மிங்ஹாம்ல 1990ல பிறந்தவர், செல்லோ வாசிச்சவர், மான்செஸ்டர்ல ராயல் நார்தர்ன் காலேஜ்ல படிச்சு அப்படியே கண்டக்டிங் பக்கம் போய், 2014ல இருந்து 2016 வரைக்கும் சிபிஎஸ்ஓல அசிஸ்டென்ட் கண்டக்டரா இருந்தவர். எங்களுக்குக் கை காட்டின சமயத்துல இத்தாலில பார்மா ஊர்ல டொஸ்கனினி ஆர்கெஸ்ட்ராவுக்கு பிரின்சிபல் கண்டக்டர். பார்மா ஆளுங்களுக்கு ஆப்ராவே ரத்தத்துல ஓடும்னு சொல்வாங்க, அங்க பாராட்டு வாங்கறது லேசு இல்ல. அப்படி ஒருத்தர் இங்க வந்து எங்ககிட்ட பேசும்போது பாவம் பொழச்சுப் போகட்டும்னு ஒரு குரல் வருமே, அது ஒரு நாள் கூட வரல. கம்யூனிட்டி ப்ராஜெக்ட்னு பேர் வெச்சுட்டு என்ன பண்ணாலும் கை தட்டற கூட்டத்தை நான் நிறையப் பாத்திருக்கேன், எனக்கு அது பிடிக்காது. தப்புன்னா தப்புன்னு சொல்றதுதான் மரியாதை.

2020ல அவரையே கம்பெனிக்கு மியூசிக் டைரக்டரா போட்டாங்க, 2022 நியூ இயர் ஹானர்ஸ்ல ஓபிஇங்கற பிரிட்டிஷ் அரச விருது குடுத்தாங்க. நடுவுல 2021 ஜூலை. சிம்பொனி ஹால்ல வாக்னரோட 'ரைன்கோல்ட்' ஆப்ரா வரப்போற நேரத்துல கிரஹாம் விக் கோவிட்ல போயிட்டார், ஷோவுக்கு ரெண்டே வாரம்தான் இருந்தது. நிறுத்திடுவாங்கன்னுதான் எல்லாரும் நெனச்சோம். நிறுத்தல, அவர் கூட வேலை பாத்தவங்க முடிச்சுக் குடுத்தாங்க, அல்பேஷ் கண்டக்ட் பண்ணார், நான் மேல ஒரு ஓரத்துல மாஸ்க்கோட உட்கார்ந்து அழுதுட்டே கேட்டேன். கிரஹாம், உங்களுக்கு ஒரு நன்றி, படிச்சவங்களுக்குத்தான் ஆப்ரான்னு இருந்ததை முப்பது வருஷத்துக்கும் மேல மாத்திட்டே இருந்ததுக்கு.

எனக்காக ரிகர்சல் நாள்லாம் ஷிஃப்ட் மாத்திக்கிட்ட கேர் ஹோம் அக்காங்களே, உங்களுக்கு நான் இன்னும் நிறைய சனிக்கிழமை கடன்பட்டிருக்கேன். 'லேடி மேக்பெத்' கடைசில வர்ற சைபீரியா கைதிங்க பாட்டைக் குளியலறையில பாடினப்ப செவுத்தைத் தட்டாத பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் நன்றி.

அப்புறம் மாமா, என் மாமனார். ஊர்ல இருந்து எங்களைப் பாக்க வந்தவரை நேரா 'லேடி மேக்பெத்' ஷோவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன், கதைல மருமக மாமனாருக்கு காளான்ல எலி மருந்து கலந்து குடுத்துக் கொல்றான்னு முன்னாடியே சொல்லல. ரெண்டரை மணி நேரத்துக்கு மேல நின்னுட்டே பாத்தீங்க மாமா, முட்டி வலியோட. வீட்டுக்கு வந்து "அந்தக் குச்சி வெச்சிருந்த பையன் நம்ம இந்தியாக்காரப் பையனா, கெட்டிக்காரன்"னு சொன்னீங்க, அதை அவருக்கு எழுதின லெட்டர்ல அப்படியே போட்டிருக்கேன். ராத்திரி சாப்பாட்டுக்கு நான் வெச்ச குழம்பை நீங்க கொஞ்ச நேரம் கிளறிக் கிளறிப் பாத்ததையும் சேர்த்துதான்.

2024 ஜூலைல பர்மிங்ஹாம் ஸ்மித்ஃபீல்ட்ல கூடாரம் போட்டு இங்கிலாந்து இசையமைப்பாளர் டிப்பெட்டோட கடைசி ஆப்ரா 'நியூ இயர்' பண்ணாங்க, அதுக்கும் அல்பேஷ்தான். வேலை காரணமா நான் பாடல, ஆடியன்ஸா போய் நின்னேன். என் பக்கத்துல நின்னு பாடின புது கோரஸ் பொண்ணு யாருன்னு தெரியல, கண்ணு கண்டக்டரை விட்டு நகரவே இல்ல, சூப்பரா பாடினம்மா. அடுத்த ஷோவுக்கு ஆள் எடுக்கும்போது நானும் வரேன்.