இருபத்தைந்து நாள் எதற்கு?

பகாவ், நெகிரி செம்பிலான்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தொலைபேசியில் அழைக்காமல் நான்கு பக்கம் எழுதியிருந்தாய் என்றபோதே, வாயால் சொல்ல முடியாத செய்தி என்று புரிந்துவிட்டது. தங்கச்சிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

பினாங்கில் 25 நாள் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவார்கள், வாரம் ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள், அதன் பிறகு உள்ளே கருவி வைத்துச் சில தடவை கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். என் அக்காவுக்கு 15 நாளில் முடிந்த சிகிச்சை இவளுக்கு மட்டும் ஏன் இத்தனை நாள், மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்து முடித்தால் என்ன என்று கேட்கிறாய். புற்றுநோயை உண்டாக்கும் கதிரே அதை எப்படித் தீர்க்கும் என்றும் கேட்கிறாய். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்க இரண்டு நாள் விட்டுவிடலாமா என்பது தங்கச்சியின் கேள்வி. அக்காவை அழைத்துக்கொண்டு மூன்று வாரம் புத்ராஜெயாவுக்குப் போய்வந்த காலத்தில் இதே கேள்விகள் என்னையும் தூங்கவிடாமல் செய்தன. மருத்துவர்களிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை உனக்கு எழுதுகிறேன்.

உன் அம்மாவும் என் அம்மாவும் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போய் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர்கள். இன்று வெட்டிய மரத்தை நாளைக்கு விட்டுவிட்டு மறுநாள்தான் வெட்டுவார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கிவிடும், மறுபட்டை ஒழுங்காக வராது. ஒரு மாதத்துப் பாலை ஒரே நாளில் ஆழ வெட்டி எடுத்துவிடலாமே என்று தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. தங்கச்சியின் உடம்பில் அந்தப் பட்டையின் இடத்தில் இருப்பவை, கட்டியை ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பையும் குடலும்.

கதிர்வீச்சை ‘கிரே’ என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் 1 கிரே. உடல் முழுவதும் ஒரே சமயத்தில் 4 கிரே பட்டு, மருத்துவமும் கிடைக்காமல் போனால், ஏறத்தாழப் பாதிப் பேர் சில வாரங்களில் இறந்துவிடுவார்கள். ஆனால் அதே 4 கிரே உடம்பின் சூட்டை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கூட்டும். ஒரு மிடறு சூடான காப்பி அந்த அளவு சூட்டைத் தந்துவிடும். ஆகவே கதிர் சுட்டுக் கொல்வதில்லை, குறிப்பிட்ட ஓர் இழையை அறுத்துக் கொல்கிறது. உயிரணுவுக்குள் டி.என்.ஏ என்னும் இரட்டைப் புரி இருக்கிறதல்லவா, 1 கிரே பட்டால் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் ஒரு புரி அறுகிறது. சுமார் நாற்பது இடங்களில் இரண்டு புரியும் சேர்ந்து அறுகின்றன. ஒரு புரி அறுந்தால் எதிர்ப்புரியைப் பார்த்து உயிரணு அதை எளிதாக ஒட்டிக்கொள்ளும். இரண்டும் அறுந்த இடங்களை நலமான உயிரணு சில மணி நேரத்தில் பெரும்பாலும் சரிசெய்துவிடும். புற்றணுக்கள் பலவற்றில் இந்தப் பழுதுபார்க்கும் ஏற்பாடே கோளாறாக இருப்பதால், அவை அறுந்த இழையோடு இரண்டாகப் பிரியப் போய், பிரிய முடியாமல் மடிகின்றன. இன்று கொடுத்துவிட்டு நாளைவரை காத்திருப்பது நலமான தசை தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டிய நேரத்துக்காக.

இதை முதலில் ஆட்டுக்கடாக்களில்தான் கண்டார்கள். பாரிசின் ரேடியம் நிலையத்தில் கிளாடியஸ் ரெகோ 1920-களில் செய்த சோதனை அது. கடாவின் விதைப்பையில் ஒரே தடவையாகக் கதிர் பாய்ச்சி அதை மலடாக்கப் பார்த்தால் மேல்தோல் வெந்து புண்ணாகியது. அதையே பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது விந்தணு உற்பத்தி நின்றது, தோல் தப்பியது. ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் விந்தணுத் திசுவைப் புற்றுக்கட்டிக்கும், தோலை அதைச் சுற்றியுள்ள நல்ல தசைக்கும் ஒப்பாக வைத்து அவர் சிந்தித்தார். அதே நிலையத்தில் ஆன்ரி கூத்தார் அம்முறையைக் கையாண்டு தொண்டைப் புற்றுநோயாளிகளைக் குணப்படுத்திக் காட்டினார்.

அடுத்ததாக நான் சொல்லப்போவதைத் தங்கச்சியிடமும் படித்துக் காட்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தார், ஹென்ரியட்டா லாக்ஸ் என்று பெயர். அவருக்கு வந்ததும் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான். ரேடியம் வைத்துச் சிகிச்சை கொடுத்தும் பலனில்லாமல் 1951-இல் தமது 31-ஆம் வயதில் இறந்தார். அவருடைய கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே எடுத்த உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகின. 1956-இல் தியோடர் பக், பிலிப் மார்கஸ் என்னும் இருவர் அந்த அணுக்களின்மீது கதிர் பாய்ச்சி, எந்த அளவுக்கு எத்தனை அணு மிஞ்சுகிறது என்பதை முதன்முதலாக எண்ணிக் கணக்கிட்டார்கள். கதிர் ஒவ்வொரு தடவையும் இத்தனை அணு என்று கொல்வதில்லை, இத்தனை பங்கு என்று கொல்கிறது என்ற தெளிவு இத்தகைய கணக்குகளிலிருந்து வந்தது. ஒரு தடவைக்குப் பாதி மிஞ்சுகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள். இரண்டாம் நாள் கால், மூன்றாம் நாள் அரைக்கால் என்று குறைந்துகொண்டே போய், 25-ஆம் நாள் முடிவில் மூன்று கோடியே முப்பத்தைந்து இலட்சத்தில் ஒன்றுதான் மிஞ்சும். கட்டிக்குள் கோடிக்கணக்கில் அணுக்கள் இருப்பதால் கடைசி ஐந்து நாளும் முதல் ஐந்து நாள் அளவுக்கு முக்கியம். தோட்டத்தில் உழைத்த ஒரு பெண், கேட்கப்படாமலே கொடுத்துவிட்டுப் போன அறிவு தங்கச்சிக்கு உதவப் போகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இடைவெளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராணவாயு இருக்கும் இடத்தில் கதிரின் பாதிப்பு நிலைத்துவிடும். அது எட்டாத இடத்தில் அதே பாதிப்பை உண்டாக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். அலகுக்குத் தம் பெயரைத் தந்த ஹெரால்டு கிரேயும் அவருடன் இருந்தவர்களும் 1950-களில் இதை விளக்கினார்கள். கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்தம் சரியாகப் போகாது என்பதால் அங்குள்ள அணுக்கள் மூச்சடைத்தாற்போல் பதுங்கியிருக்கும். முதல் சில நாளில் வெளிச்சுற்று அணுக்கள் மடிந்ததும் பிராணவாயு உள்ளே எட்டுகிறது, மறுநாள் கதிருக்கு அவையும் அகப்படுகின்றன. ஒரேயடியாகக் கொடுத்திருந்தால் அவை தப்பியிருக்கும்.

அக்காவுக்கு 15 நாள் போதும் என்றதற்குக் காரணம் அது மார்பகப் புற்றுநோய் என்பதுதான். முன்பு அதற்கும் 50 கிரேயை 25 நாளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 40 கிரேயை 15 நாளில் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று பிரிட்டனில் பல ஆண்டு நடந்த ஆய்வுகள் காட்டிய பிறகு மாற்றிக்கொண்டார்கள். கருப்பைவாயைச் சுற்றியிருக்கும் உறுப்புகள் வேறு, அவற்றின் பொறுமையும் வேறு. உள்ளே வைத்துக் கொடுப்பதும் அதே காரணத்துக்காகத்தான்: மூலத்திலிருந்து இரண்டு மடங்கு தூரம் விலகினால் கதிர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால் கட்டிக்கு நிறையவும் குடலுக்குக் குறைவாகவும் கொடுக்க முடிகிறது. வாரந்தோறும் ஏற்றும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைப் பற்றிப் பயப்படாதே. கதிரோடு அதையும் சேர்த்தால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று 1999-இல் வெளியான பல ஆய்வுகள் ஒருமித்துக் காட்டின.

கதிரே புற்றுநோய் தராதா என்றால், தரும். அதை மறைத்து உன்னைத் தேற்ற எனக்கு மனமில்லை. உயிரணு சாகாமல், இழையைத் தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்டு உயிர் வாழ்ந்தால் பல ஆண்டு கழித்து அதிலிருந்து புற்று முளைக்கலாம். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களிடம் இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலும், மற்றக் கட்டிகள் பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் கூடியதை இன்றுவரை கணக்கெடுத்து வருகிறார்கள். எந்தத் திசு கதிருக்கு எளிதில் பணியும் என்ற விதியை 1906-இல் வகுத்த இருவரில் ஒருவரான பெர்கோனியே கதிரால் வந்த புற்றுநோயில்தான் இறந்தார். ஆனால் எப்போதோ வரக்கூடிய சிறிய ஆபத்தையும், இன்று தங்கச்சியின் உடம்பில் வளர்ந்துகொண்டிருப்பதையும் ஒரே தராசில் வைத்துப் பார். பேரப்பிள்ளைகளை அவள் தூக்கலாமா என்று உன் மருமகள் கேட்டதாக எழுதியிருந்தாய். இயந்திரத்தை நிறுத்திய கணமே கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. உள்ளே வைக்கும் மூலத்தையும் அறையை விட்டு வருமுன் எடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சட்டும்.

பால்குட விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் சொல்வேன். நலமான தசைக்கு ஓய்வு தரும் இடைவெளி நீண்டுபோனால் புற்றணுக்களும் அந்த நேரத்தில் பெருகிக்கொள்ளும். கருப்பைவாய்க்கான முழுச் சிகிச்சையையும் எட்டு வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்பதற்கு அதுவே காரணம். மருத்துவமனை விடுமுறையால் ஒரு நாள் போனால் சனிக்கிழமையிலோ, ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு இரண்டு தடவையோ கொடுத்து ஈடுகட்ட அவர்களுக்கு வழி இருக்கிறது. நாமாக நிற்கக் கூடாது. சுங்கைப் பட்டாணி முருகனுக்கு இந்த ஆண்டு பால்குடத்தை உன் மகள் எடுக்கட்டும்.

அக்கா நலம். இடப்பக்கம் என்பதால் இதயம் கதிரிலிருந்து விலகி நிற்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். மனத்துக்குள் முருகன் பெயரை எண்ணிக்கொண்டே பிடித்திருப்பேன் என்று இப்போது சொல்கிறாள். முடிந்த மறுவாரம்தான் தோல் கறுத்து மிகவும் எரிந்தது, பிறகு ஆறிவிட்டது. சோர்வு மட்டும் இரண்டு மாதம் இருந்தது. தங்கச்சிக்குத் தோலைவிட வயிற்றுப்போக்குத்தான் தொல்லை கொடுக்கும். மூன்றாம் வாரத்தில் தொடங்கினால் மறைக்காமல் தாதியரிடம் சொல்லச் சொல்.

தினமும் சுங்கைப் பட்டாணியிலிருந்து பினாங்குக்கு நீ ஒருவனே வண்டி ஓட்ட வேண்டாம். மூன்றாம் வாரம் நான் அங்கு வந்துவிடுகிறேன், கடைசிவரை இருக்கிறேன். அக்காவும் வருவதாகச் சொல்கிறாள். தங்கச்சியோடு உள்ளே போய் உட்கார ஒரு பெண் துணை வேண்டும் என்கிறாள். சிகிச்சை தொடங்கும் தேதி தெரிந்ததும் எழுது, அல்லது இந்தத் தடவையாவது தொலைபேசியில் அழை.

என்றும் அன்புடன்,
உன் தோட்டத்துத் தோழன்