காற்று மாசுக் கணிப்பில் ஒற்றை எண் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2019இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தின் இலக்கு, காற்றில் மிதக்கும் துகள்களை 2017-18இன் அளவிலிருந்து 2025-26க்குள் 40 விழுக்காடு வரை குறைப்பதாகும். எந்த நடவடிக்கையால் எவ்வளவு குறையும் என்பதைக் கணினி மாதிரிகளைக் கொண்டே முன்கூட்டிச் சொல்கிறார்கள். அந்த விடை எத்தனை அனுமானங்களின் மேல் நிற்கிறது என்பதையும் மதுரை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

சாலைப் புழுதியைக் கணக்கிட நம் நாட்டு ஆய்வுகளில் பெரிதும் கையாளப்படுவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சூத்திரம். அதன்படி, ஒரு சதுர மீட்டர் சாலையில் படிந்துள்ள நுண்மண் இரு மடங்கானால் எழும் புழுதியும் ஏறக்குறைய இரு மடங்காகும். மேலூர்ச் சாலையில் பங்குனி வெயிலில் கூட்டியெடுத்த மண்ணும், ஐப்பசி மழை கழுவிய பின் அதே இடத்தில் எடுத்த மண்ணும் ஒரே எடையில் இருக்க முடியாது. குழாய் பதிக்கத் தோண்டிய தெருவின் நிலை இரண்டுக்கும் வேறு. ஒரு சில இடங்களில் எடுத்த மண்ணை வைத்து, சாலை கூட்டும் இயந்திரங்களால் நகரம் முழுவதும் புழுதி இவ்வளவு குறையும் என்று ஒரே எண்ணாகச் சொல்வது துணிந்த கூற்று.

காற்றோட்டத்திலும் இதே சிக்கல்தான். புகை பரவுவதைக் கணிக்கும் எளிய மாதிரிகள் காற்றின் வேகத்தால் வகுப்பவை என்பதால், வேகம் சுழியை நெருங்கும்போது அவற்றின் விடையை நம்ப இயலாது. மார்கழி விடியலில், குறிப்பாகப் போகியன்று, குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி மாசு மிகும் நேரமும் அதுவே. காற்றில் மாசுகளுக்கிடையே நடக்கும் வேதிவினைகளோ இன்னும் சிக்கலானவை: 2020 ஊரடங்கில் வாகனப் புகை குறைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் சரிந்தபோது, பல நகரங்களில் இன்னொரு மாசான ஓசோன் கூடியது.

கணிப்பைச் சரிபார்க்கும் அளவீடும் போதவில்லை. கையால் காற்று மாதிரி எடுத்து அளக்கும் நிலையங்களுக்கான விதி வாரம் இரு நாள், ஆண்டுக்கு 104 நாள் மட்டுமே. எஞ்சிய நாட்களின் காற்றை அவை காண்பதில்லை.

இதைக் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தெருவோரம் குப்பை எரிப்பதைத் தடுக்க எந்தக் கணிப்பும் தேவையில்லை. ஆனால் பெருந்தொகை செலவிடும் திட்டங்களில், எதிர்பார்க்கும் குறைப்பைக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று வரம்பாக அறிவித்து, உள்ளீட்டுத் தரவுகளையும், ஓராண்டு கழித்து அளந்த மதிப்புகளையும் மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தமிழில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அனுப்பானடி, மதுரை.