சராசரி போட்டுக் கழிக்காதீர்கள்: நூல் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நூலகங்களின் நூல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். எதை வாங்குவது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கும்போது வாசகர்கள் போட்ட மதிப்பெண்ணையும் இரவல் போன கணக்கையும் புரட்டுகிறீர்கள். சட்டப் புத்தகத்துக்கும் துப்பறியும் கதைக்கும் அது சரிப்படும். விசித்திரமான புத்தகங்களிடம் அந்தக் கணக்கு பலிக்காது. பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம், பாதிப் பேர் ஒன்று என்றால் சராசரி மூன்று. ‘சுமார்’ என்று குறித்துவிடுவீர்கள். அதைச் சுமார் என்று நினைத்தவர் ஒருவர்கூட இல்லை.

பி. எஸ். ஜான்சன் 1969இல் வெளியிட்ட ‘தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்’ ஒரு பெட்டியில் வந்த நாவல். உள்ளே 27 தனித்தனிப் பகுதிகள். முதலும் கடைசியும் மட்டும் இன்னதென்று குறித்திருக்கும், மற்ற 25ஐயும் எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் படிக்கலாம். “கதையைக் கோர்ப்பது எழுதினவர் வேலை, அதை என் தலையில் ஏன் கட்டுகிறார்?” என்று ஒருவர் கொதிப்பார். புற்றுநோயில் செத்துப்போன நண்பனை நினைத்துப் பார்க்கும் கதை இது, நினைவு வரிசையாகவா வரும் என்று இன்னொருவர் கேட்பார். இருவருமே ஒழுங்காகப் படித்தவர்கள்தான். கொதித்தவரை ரசனை கெட்டவர் என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. புத்தகம் கேட்ட கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்கிறார், கொஞ்சம் சத்தமாக. எனக்குச் சந்தேகமெல்லாம், பிரிக்காமலே “அற்புதம்” என்று அலமாரியில் நிறுத்தி வைக்கிறவர் மேல்தான்.

ரேமோன் கெனோ 1961இல் பத்து சானெட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகளை) வரிவரியாக வெட்டிப் புத்தகமாக்கினார். துண்டுகளை மாற்றி மாற்றிப் புரட்டினால் ஒரு கோடி கோடி கவிதைகள் கிடைக்கும். இரவு பகலாகப் படித்தாலும் 19 கோடி ஆண்டுகள் ஆகுமென்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். யாரும் படித்து முடிக்க முடியாத புத்தகத்துக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது? பத்து நிமிடம் புரட்டிச் சிரித்துவிட்டு வைத்தவரும் அதன் வாசகர்தான்.

லூயிஜி செராஃபினி இன்னும் ஒரு படி மேலே போனார். இல்லாத ஓர் உலகத்துக்கு, யாருக்கும் தெரியாத எழுத்தில், 1981இல் ஒரு கலைக்களஞ்சியம்! அந்த எழுத்தை உடைத்துப் படித்துவிடப் பலர் மல்லுக்கட்டினார்கள். அதில் பொருள் எதுவும் இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

தமிழுக்கும் இது புதிதல்ல. உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகத்துக்குப் பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்திலேயே இடமுண்டு. அதை வெறும் வித்தை என்பவரும் புலமை என்பவரும் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’ 1759இல் வெளிவரத் தொடங்கியது. நடுவே ஒரு முழுக் கறுப்புப் பக்கம், வேறோர் இடத்தில் வெறும் பக்கம். விசித்திரமானது எதுவும் நெடுநாள் தாங்காது, இந்த நாவலும் தாங்கவில்லை என்று ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் (இவர் வேறு ஜான்சன்) 1776இல் தீர்ப்புச் சொன்னார். நாவல் இன்றும் அச்சில் இருக்கிறது. அவராவது 17 ஆண்டு பொறுத்துத் தவறினார். கழிவுப் பட்டியல்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நான் கேட்பது அதிகமில்லை. சராசரியை விட்டு, கருத்துகள் எவ்வளவு பிளந்து கிடக்கின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு படி வாங்கினாலும் போதும். ஆனால் அதைப் பூட்டிய அலமாரியில் வைக்காமல் மற்ற நாவல்களோடு கைக்கெட்டும்படி வையுங்கள். பெட்டி நாவல் திரும்பி வரும்போது 27 பகுதியும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து வரிசைப்படுத்தி மட்டும் அடுக்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நூலக உறுப்பினர்