51 பெகாசி தரவோடு உட்காரும் முன்

அன்புள்ள கண்ணம்மா,

51 பெகாசியின் பழைய அளவீடுகளை எடுத்து, அந்தக் கோளை நீயே மறுபடி கண்டுபிடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். முதல் முயற்சிக்கு இதைவிட நல்ல நட்சத்திரம் அமையாது. காரணம் அதன் வயது. சூரியனைவிட மூத்த மஞ்சள் நட்சத்திரம் என்றுதான் பெரும்பாலான கணிப்புகள் சொல்கின்றன. சுழற்சி தளர்ந்து, மேற்பரப்பும் அடங்கிவிட்டது. இளம் நட்சத்திரம் என்றால் வேகச் சுழற்சியில் நிறமாலைக் கோடுகள், அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் மெல்லிய கருங்கோடுகள், அகன்று மழுங்கும். அதன் மேற்பரப்பின் கரும்புள்ளிகள் வேறு பொய்யான ஆட்டம் காட்டும். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் பிரான்சில் 1.93 மீட்டர் தொலைநோக்கியையும் ஒளியைப் பிரித்து அளக்கும் எலோடி நிறமாலைமானியையும் கொண்டு, 4.23 நாளில் சுற்றிவரும் இந்தக் கோளைப் பிடித்ததற்கு அந்த அமைதி பெரிய துணை.

கோளின் இழுப்பால் நட்சத்திரம் நொடிக்கு சுமார் 56 மீட்டர் வேகத்தில் நம் பக்கம் வந்து போகிறது. 5500 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) அலைநீளத்தில் உள்ள கோடு அதனால் நகர்வது வெறும் 0.001 ஆங்ஸ்ட்ராம். எலோடி பிரித்துக் காட்டும் அகலமோ 0.13. ஆகவே ஒற்றைக் கோட்டை நம்பாதே. ஆயிரக்கணக்கான கோடுகளைச் சேர்த்துப் பொருத்தித்தான் ஒரு வேகம் கிடைக்கிறது.

பலரும் சறுக்குவது நேரக் கணக்கில். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர். அதோடு தன் அச்சில் சுழல்வதும் சேரும். இரண்டையும் கழித்தாக வேண்டும். உன் கையில் உள்ள எண்களில் ஏற்கெனவே கழித்திருக்கிறார்களா என்று முதலில் பார், இரண்டு முறை கழித்துவிடாதே. நேரம் உலக நேரமாக, ஒளி சேகரித்த இடைவெளியின் நடுப்புள்ளியாக இருக்கட்டும். பிரான்சின் உள்ளூர் நேரத்தை அப்படியே போட்டு ஒரு மணி பிசகினால், பூமியின் சுழற்சியால் மட்டுமே நொடிக்கு 80 மீட்டர் வரை பிழை வரும். கோளின் ஆட்டத்தைவிட அது பெரிது!

அடுத்தது, வேகம் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது என்ற காலமுறையைத் தேடும்போது 1.31 நாளிலும் ஒரு பொய்யான முகடு எழும். இரவுக்கு ஒருமுறை, ஏறக்குறைய அதே நேரத்தில் பார்ப்பதன் விளைவு அது: 4.23 நாளுக்கு ஒரு சுற்று என்றால் நாளுக்கு 0.236 சுற்று, அதை 1இலிருந்து கழித்தால் 0.764, அதாவது 1.31 நாள். வேறு தீர்க்கரேகையில் எடுத்த அளவீடுகளைச் சேர்த்தால் இது அடங்கும். கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்திலிருந்து ஜெஃப்ரி மார்சியும் பால் பட்லரும் சில நாட்களிலேயே கோளை உறுதிசெய்தார்கள். அந்தத் தரவு உதவும். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் பூஜ்ஜியப் புள்ளி, அதாவது வேகத்தை எண்ணத் தொடங்கும் இடம், வேறு. சராசரி வேகத்தைத் தனித்தனியாகவே பொருத்து.

சுற்றுப்பாதையை வட்டமாக எடுத்துக்கொள். இவ்வளவு நெருக்கத்தில் ஓதவிசை, அதாவது கோளின் அருகுப் பக்கத்தையும் அப்பால் பக்கத்தையும் நட்சத்திரம் வேறு வேறு அளவில் இழுப்பது, அதை வட்டமாக்கிவிடும். கிடைக்கும் நிறை, வியாழனில் 0.47 பங்கு, குறைந்தபட்ச நிறைதான். பாதையின் சாய்வு தெரியாமல் அதை உண்மை நிறை என்று எழுதக் கூடாது.

கடைசியாகக் கோடுகளின் வடிவத்தையும் பார்த்துவிடு. 1997இல் வானியலாளர் டேவிட் கிரே, கோடுகளின் வடிவமே 4.23 நாளில் மாறுவதாகவும், எனவே அது கோள் அல்ல, நட்சத்திரத்தின் துடிப்பு என்றும் வாதிட்டார். மேலும் துல்லியமான அளவீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. மறு ஆண்டே அவரும் தன் வாதத்தை விலக்கிக்கொண்டார். நிறமாலைக் கோட்டின் இரு பக்கங்களுக்கும் நடுவே ஒரு நடுக்கோடு வரைந்து, அது எவ்வளவு சாய்கிறது என்று அளந்து, வேகத்துக்கு எதிராக வரைந்து பார். இரண்டும் சேர்ந்து ஆடாவிட்டால் கோள்தான் என்று துணிந்து எழுது.

அன்புடன்,
அம்மா