மாப்ளைக்கு, டயர் விஷயமாக

பாளையங்கோட்டை,
ஆடி 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஆனித் தேருக்கு நீ வராதது எனக்குக் குறைதான். ஆனால் தங்கச்சிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அம்மாவிடம் அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், புரட்டாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், வண்டி. உன் தண்டர்பேர்டு பைக்குக்குப் பின்னால் 140 மில்லிமீட்டர் அகலத்தில் பெரிய பட்டன் டயராக, அதாவது மேலே ரப்பர் கட்டி கட்டியாகத் துருத்திக்கொண்டிருக்கிற டயராகப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மாப்ளே. ஏன் என்று சொல்ல, போன மாதம் எனக்கு நடந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவு வரைக்கும் போய்வரலாம் என்று கிளம்பினேன். தென்காசி வரை நல்ல வெயில். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது சாரல் பிடித்துக்கொண்டது. நாற்பதில்கூடப் போகவில்லை. வளைவின் நடுவில் பின் சக்கரம் ஒரு சாண் தூரம் வெளியே விலகிப் போனது. எதிரே சுமையோடு ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. எப்படியோ நிமிர்த்தி ஓரமாக நிறுத்திவிட்டேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. ஆரியங்காவு போகவில்லை, அப்படியே திரும்பிவிட்டேன்.

குனிந்து டயரைப் பார்த்தால் பட்டன் நன்றாகவே இருக்கிறது. இத்தனை நாள் அதைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறேன். இருசக்கர வண்டிக்குச் சட்டம் கேட்பது 0.8 மில்லிமீட்டர் ஆழம்தான், என் டயரில் அதற்கு மேலே தாராளமாக இருந்தது. ஆனால் நகத்தால் அழுத்தினால் மாட்டுக்கொம்பு மாதிரி இருந்தது, கொஞ்சம்கூட அமுங்கவில்லை. பக்கவாட்டில் கோடைகாலத்து மானூர்க் குளம் போல மெல்லிய வெடிப்புகள். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துத் தேதியைத் தேடினேன். டயரின் பக்கச்சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். பின் டயரில் 3117, முன் டயரில் 1816. அதாவது முன்னால் உருள்வது 2016-ல் பதினெட்டாவது வாரம் செய்த டயர்!

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு வண்டியை நான் அதிகம் எடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஓடாத வண்டியில் டயர் தேயாது, ஆனால் கிழடாகிவிடும். காற்றும் வெயிலும் படப்பட ரப்பர் தன் மென்மையை இழந்து இறுகிப் போகிறது. அதிலும் டயருக்குள் காற்றில்லாமல் ஒரே இடத்தில் மாதக்கணக்காக நிற்க வைத்தால் சீக்கிரம் கெடும். காய்ந்த ரோட்டில் இந்தக் குறை வெளியே தெரியாது. முதல் சாரலில் தெரிந்துவிடும்.

சரி, புது டயர். நம் வண்டிக்கு முன்னால் 90/90-19, பின்னால் 120/80-18. இந்த 120 என்பது மில்லிமீட்டரில் அகலம், 80 என்றால் அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு உயரம், 18 ரிம்மின் அங்குலம். கூடவே 62பி என்று இருக்கும். 62 என்றால் அந்த டயர் 265 கிலோ தாங்கும், பி என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். முன் டயரின் 52 என்பது 200 கிலோ. நீயும் தங்கச்சியும் ஏறி, இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டு நாலுவழிச் சாலையில் மத்தியான வெயிலில் வரும்போது இந்த எண்தான் உங்களைத் தாங்குகிறது. இதற்குக் குறைந்த எண் உள்ள டயரை விலை மலிவு என்று எடுத்துவிடாதே.

நான் போன முதல் கடையில் எனக்கும் அந்த 140-ஐத்தான் நீட்டினார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் ரிம் அதே பழைய ரிம்தானே? குறுகலான ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடு மேடு தூக்கிக்கொள்ளும். தரையில் படுகிற ரப்பர் கூடுவதில்லை, வளைவில் வண்டியைச் சாய்ப்பதுதான் கஷ்டமாகும். செயினிலோ மட்கார்டிலோ உரசவும் உரசலாம். பெரிய பட்டன் தேரிக்காட்டு மணலுக்குச் சரி. நீ ஓடுவதெல்லாம் தார் ரோடு. நனைந்த தாரில் பட்டன் பட்டனாக இருக்கிற டயரில் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் குறைவு, சத்தமும் அதிகம், சீக்கிரம் தேயும்.

நான் போட்டது இரண்டும் எம்.ஆர்.எஃப், கம்பெனி சொன்ன அதே அளவு. மதுரைக்குப் பக்கத்தில் செய்கிற டிவிஎஸ் யூரோகிரிப்பும் விசாரித்தேன். நம் ஊர்ப் பக்கத்துச் சரக்கு என்று மனசு அதில்தான் நின்றது. ஆனால் அன்றைக்கு என் அளவில் புதுத் தேதி போட்டது கிடைக்கவில்லை. பெயரைவிட நான் தேதியைத்தான் பார்த்தேன். ஒரு கடையில் மூன்று வருஷம் கிடந்த டயரைப் புதுசு என்று துடைத்துக் கொடுத்தார்கள். நம்பரைக் காட்டி, வேறு இருந்தால் கொடுங்கள் என்றதும் உள்ளே போய் நாலு மாதத்துச் சரக்கைக் கொண்டுவந்தார்கள். கேட்டால்தான் வரும்.

டியூபை மட்டும் பழசு போடாதே. ஸ்போக்ஸ் ரிம்மில் ஓட்டை வழியாகக் காற்று போய்விடும் என்பதால் டியூப் இல்லாமல் முடியாது. அதனால் ஆணி குத்தினால் மொத்தக் காற்றும் ஒரேயடியாக இறங்கும். சாத்தான்குளத்திலிருந்து உவரி போகிற ரோட்டில் உடைமுள் குத்தி நாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? இரண்டு டியூபும் புதுசு போடு, ஸ்போக்ஸ் முனை டியூபைக் குத்தாமல் ரிம்முக்கு உள்ளே சுற்றுகிற ரிம் டேப்பும் புதுசு. டயரைக் கழற்றியதும் ரிம்மின் உள்பக்கத்தைத் தடவிப் பார். என் வண்டியில் துரு பிடித்து அரம் மாதிரி இருந்தது, அது ஒன்றே போதும் டியூபைக் கிழிக்க. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயின்ட் அடித்து, வீல் கோட்டமும் எடுத்த பிறகுதான் டயரை ஏற்றச் சொன்னேன். டயரில் இருக்கிற அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா என்று நின்று பார். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது.

முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாகப் போ. புது டயரின் மேல்தோல் வழுக்கும், கொஞ்சம் உராய்ந்த பிறகுதான் ரோட்டைப் பிடிக்கும். நேற்று பணகுடி வழியாகக் காவல்கிணறு வரை போய் வந்தேன். ஆடிக் காற்று உனக்குத் தெரியாததா, காற்றாலை அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அங்கே காற்றுக்கு எதிராகச் சாய்த்தால், நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர் படியிறங்குவது போல வெடுக்கென்று விழும். நேற்று வண்டி சாய்த்த இடத்தில் நின்றது. வள்ளியூர் வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நீ ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறாய். அப்போதும் சாரல் கொஞ்சம் மிச்சமிருக்கும், எனக்கும் ஆரியங்காவு பாக்கி இருக்கிறது. கிளம்புவதற்கு முன் உன் இரண்டு டயரிலும் அந்த நாலு இலக்கத்தைப் பார்த்து எனக்கு எழுது. தங்கச்சிக்கு அம்மா சுக்கு வறுத்துப் பொடித்து வைத்திருக்கிறாள், வரும்போது வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் மச்சான்