செங்கல் தெரியணும்னு சுண்ணாம்ப சுரண்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு பழைய கடைவீட்டுல (கீழ கடை, மேல வீடுன்னு கட்டுன கட்டடம்) புதுசா தொறந்த கோப்பிக் கடைக்குப் போயிருந்தேன். உள்சுவர்ல பூச்ச மொத்தமா சுரண்டி செங்கல காட்டி மேல வார்னிஷ் அடிச்சு வச்சிருக்காங்க, எல்லாரும் அது முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறாங்க. நான் ஒக்காந்த மூலையில சுவரோரமா உப்பு பூத்துக் கெடந்துச்சு, விரலால லேசா தொட்டேன், கல்லு செவப்பு மாவு மாதிரி கையில ஒட்டுது. கடைப் பையன்கிட்ட சொன்னா "லண்டன் ஸ்டைல் அங்கிள்"ங்கிறான்!

லண்டன்ல என் மக குடியிருக்கறதே விக்டோரியா ராணி காலத்து செங்கல் வீட்டு வரிசையிலதான். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களுக்கான கிரேட் டூ பட்டியல்ல இருக்கு, அனுமதி இல்லாம ஜன்னல மாத்துனாக்கூட கேஸ் ஆயிடும். அங்க முகப்புக்குன்னே நல்லா வெந்த கல்லா பொறுக்கி, ஒண்ணு நீளவாக்குல, அடுத்தது தலைப்பக்கம் தெரியிற மாதிரின்னு மாத்தி மாத்தி வச்சு, சுண்ணாம்புக் கலவையில கட்டியிருக்காங்க. பின்பக்கம் போனா மட்டமான கல்லுதான், யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டாங்க போல.

நம்ம கடைவீட்டுச் செங்கல் பூச்சுக்கு உள்ள இருக்கட்டும்னு கட்டுனது சார். சுண்ணாம்புப் பூச்சு சுவர்ல ஏறுற ஈரத்த வெளிய விட்டுடும். அத எடுத்துட்டு வார்னிஷ் அடிச்சா ஈரம் உள்ளயே நிக்கும், செங்கலுக்கு நடுவுல இருக்குற சந்துல சிமென்ட் வச்சா இன்னும் மோசம், சிமென்ட் கல்ல விட கெட்டி, அதனால தண்ணி செங்கல் வழியாத்தான் வெளிய வரும், கூடவே உப்பும் வந்து கல்லோட மூஞ்சிய உரிச்சிடும்.

சுண்ணாம்பு நமக்கென்ன புதுசா? 1862ல அர்ச்சிப்பு நடந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தக் கட்டுனதே இந்தியாவுல இருந்து கொண்டுவந்த கைதிங்கதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்கா மட்டை ஊறுன தண்ணி எல்லாம் சேத்துப் பூசி, காஞ்சதும் கல்லால தேச்சுத் தேச்சு பளபளப்பாக்கினாங்க. அந்தப் பூச்சுக்குப் பேரே மெட்ராஸ் சுண்ணாம்பு.

தேக்கா இருக்குற லிட்டில் இந்தியாவ பழைய கட்டடங்களப் பாதுகாக்குற பகுதின்னு அரசிதழ்ல போட்டது 1989 ஜூலையில. வாடகைக்கு எடுக்குறவங்க ரெனவேஷன்காரர்கிட்ட சுத்தியலக் குடுக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் தெரிஞ்சவங்க யாரயாவது ஒரு வார்த்த கேக்கலாம்ல? உங்க பத்திரிகையில இதப் பத்தி ஒரு பக்கம் போடுங்க, கடைக்காரங்க கண்ணுல படட்டும்.

கோப்பி என்னமோ நல்லாதான் இருந்துச்சு, மறுபடி போவேன், சுவரோர மேசை மட்டும் வேணாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்