உட்கார்ந்தால் அழுகிறான்

ஆசிரியருக்கு,

வணக்கம். ‘கைக்குப் பழக்கினால் பிள்ளை கெட்டுவிடும், அழுதால் சற்று அழவிடுங்கள்’ என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் கணவர் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

31 ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். பேறுகாலத்துக்கு வந்த மகளும் இரண்டு மாதப் பேரனும் இப்போது எங்களோடு இருக்கிறார்கள். தோளில் தூங்கியவனைத் தொட்டிலில் கிடத்தினால், முதுகு துணியில் படும் முன்பே கண்ணைத் திறந்துவிடுகிறான். தூக்கிக்கொண்டு நடந்தால் அடங்குகிறான். கால் கடுக்கிறதே என்று நாற்காலியில் உட்கார்ந்தால், அதே கை, அதே தோள், ஆனாலும் சிணுங்கல். பிடிவாதமாம். இரண்டு மாதத்தில் ஏது பிடிவாதம்!

2013-ல் ஜப்பானில் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தது, அழுகை அடங்கியது. தூக்கியபடி உட்கார்ந்தபோது அந்த அளவுக்கு இல்லை. எலிக்குட்டிகளும் அப்படித்தான். தாய்ப்பூனை கவ்வியதும் குட்டி காலை மடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் தொங்குவதை யார்தான் பார்த்ததில்லை?

பாலிலும் சாட்சி இருக்கிறது. எங்கள் பள்ளியில் முயல் வளர்த்தோம். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை வரும், சில நிமிடம் பால் கொடுக்கும், போய்விடும். கொழுப்பு மிகுந்த கெட்டிப் பால் அது. குட்டிகள் கூட்டில் மூச்சுக் காட்டாமல் கிடக்கும். நம் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம்தான். குட்டியை வயிற்றோடு சுமந்து திரியும் குரங்கின் பாலைப் போல நீர்த்தது, அடிக்கடி குடித்தாக வேண்டியது. தாய் பக்கத்திலேயே இருப்பாள் என்ற கணக்கில் அமைந்த பால். அப்படிப்பட்ட பிள்ளையைத் தனியே தரையில் விட்டால் கத்தாமல் என்ன செய்யும்?

அதற்காகப் பெற்றவளே நாள் முழுதும் சுமக்க வேண்டும் என்பதில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே பாட்டிமார் கிழங்கு தோண்டிவந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதை மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பல கைகளில் வளர்ந்த இனம் நாம். என் மகளோ ஒற்றையாளாகத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வீங்கி நிற்கிறாள்.

கத்தரித்த தாள் இன்னும் கதவில்தான் இருக்கிறது. ஆனால் நேற்றிரவு 11 மணிக்குப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தவர் அதை ஒட்டியவர்தான். நாலு நடையில் பிள்ளை உறங்கிவிட்டான். இவர்தான் உட்காரப் பயந்து இன்னும் அரை மணி நேரம் நடந்துகொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை